பல்வலியில் பிறந்த பாடமுறை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவை இருமல் விட்டுவிட்டது. அவர்தான் இன்னும் சிகரெட்டை விடவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ வடிவமைப்புப் பள்ளியில் வாத்தியாரானதில் எனக்குப் பெருமைதான். ஆனால் முதல் வகுப்பிலேயே ஆளுக்கொரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாயாம். "என்ன செய்யணும் சார்?" என்று கேட்ட பெண்ணுக்கும் பதில் இல்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. "உங்க பெரிய சார் முறை இதுதானேக்கா, தாங்குறவங்கதான் தேறுவாங்க" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

அந்த முறையைப் பற்றி இப்போது ஆராய்ச்சியே நடக்கிறது. ஆனால் எங்கள் வாத்தியார் பெரிய சார் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போன அந்தக் கதையை, நான் படித்த வடிவமைப்புப் பள்ளியின் பொன்விழா மலரில் முதலில் எழுதியவளே நான்தான். உண்மையைக் கேள். அன்று பெரிய சாருக்குப் பல்வலி. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. காகிதத்தை நீட்டிவிட்டுப் பல் டாக்டரிடம் ஓடினார். அவ்வளவுதான் தத்துவம்.

மறுநாள் வந்ததும், "நேத்து உங்கள அம்போன்னு விட்டுட்டுப் போனது என் தப்பு" என்றார். பிறகு வாரம் முழுக்க ஒவ்வொருவர் பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காகிதம் எந்தப் பக்கம் சுலபமாக மடியும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் கற்றதெல்லாம் அந்த வாரத்தில்தான். பல்வலியும் மன்னிப்பும் மலருக்கு எடுப்பாக இருக்காது என்று விட்டுவிட்டேன். பிறகு மற்றவர்கள் அந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்து, அதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் விட்டேன். முதல் நாள் இருபத்திரண்டு பேர் இருந்தோம், மறுநாள் பத்தொன்பது. போன மூவரில் ஒருத்தி என் அறைத்தோழி. எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரைவாள். "எனக்கு ஒண்ணுமே தோணலடி, நான் இதுக்கு லாயக்கில்ல" என்று அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினாள். நான் தடுக்கவில்லை. நான் மடித்த காகிதம் நன்றாக வந்திருந்த மிதப்பு. சார் மன்னிப்புக் கேட்டபோது அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். போனவர்களிடம் மலருக்குக் கட்டுரை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமையோடு உன் மாணவியின் பெயரை அடித்துவிடுவார்கள் என்கிறாய். அதற்குள் அவள் வீட்டுக்குப் போ. கௌரவம் பார்க்காதே. தப்பு உன்னுடையது மட்டுமில்லை, உன் அக்காவுடையதும்தான் என்று சொல். வரமாட்டேன் என்றால் இன்னொரு முறை போ.

நீ நல்ல வாத்தியாராக வருவாய். நன்றாக இரு. அந்தப் பெண் வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுது, தம்பி. என் தோழியின் விலாசத்தை நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

உன்மேல் உயிராக இருக்கும்
அக்கா