ஆ காட்டு, அப்பா

மார்ச் 4, புதன்

இன்று கிளினிக்கில் ஓர் அம்மாவுக்கு நீண்ட உபதேசம் செய்தேன். "பல் தேய்க்கிறதை விளையாட்டா மாத்துங்கம்மா, பிள்ளைங்க தானா வருவாங்க." அந்த அம்மா கும்பிடாத குறை.

வீட்டுக்கு வந்தால், என் நாலு வயது மகள் பிரஷைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். குனிந்து குனிந்து கெஞ்சியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பல் டாக்டராம், பல் டாக்டர்!

மார்ச் 7, சனி

வாய்விட்டுச் சிரித்தபோது பார்த்துவிட்டேன். அவளுடைய கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு புள்ளி. கிட்டே போனால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இப்படியே விட்டால் சொத்தையாகும், மெஷினை வைத்துக் குடைய வேண்டியிருக்கும். அந்தச் சின்ன வாயிலா? நானா?

மார்ச் 8, ஞாயிறு

முகக்கவசம், கையுறை, நெற்றி விளக்கு எல்லாம் மாட்டிக்கொண்டு குளியலறையில் நின்றேன். விளையாட்டாம்! குழந்தை வீறிட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பிள்ளைக்கு அப்பா வேணும். நீங்க ஏன் இப்படி வேஷம் கட்டிட்டு வர்றீங்க?"

மார்ச் 9, திங்கள்

இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 11, புதன்

எழுந்ததே தாமதம். பல் தேய்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடப் பார்த்தேன். "அப்பா, நீ பல்லே தேய்க்கல!" கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

வாளியைக் கவிழ்த்து என்னை உட்கார வைத்து, "ஆ காட்டு" என்றாள். என் பிரஷால் அவளே தேய்த்தாள். தேய்ப்பா அது! மீசையெல்லாம் நுரை. துப்பினேன் — ரத்தம். குழந்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்குதாப்பா?"

"ஈறு கெட்டுப்போச்சு கண்ணு. அப்பா ஒழுங்கா தேய்க்கல." வேறு என்ன சொல்ல? வெட்கமாகத்தான் இருந்தது.

சட்டென்று வாயைத் திறந்தாள். "எனக்கும் கெட்டுப்போச்சா, பாரு."

பார்த்தேன். வெறும் புள்ளிதான், குழி விழவில்லை. தினமும் தேய்த்தால் அதோடு நின்றுவிடும். அப்படியே கட்டிக்கொண்டேன். கிளினிக்குக்குத் தாமதம்தான், போகட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் இரண்டு பிரஷிலும் பேஸ்ட் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். முதலில் என் வாய், அப்புறம்தான் அவள் வாய். அதுதான் இப்போது சட்டம். புள்ளி பரவவில்லை.

என் ஈறுதான் சரியில்லை. கூட வேலை பார்க்கும் டாக்டரிடம் நாளைக்குக் காட்டப்போகிறேன். மகள் துணைக்கு வருகிறாளாம். நான் அழாமல் இருந்தால் பலூன் வாங்கித் தருவாளாம்.