கதவுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 12, 1998, வெள்ளி

காலையிலிருந்து காற்று. துடைத்த மேசையில் மறுபடி கரிசல் புழுதி. வாங்க: ஊதுவத்தி, இழுப்பறைக்கு ஒரு பூட்டு.

சென்னை ஆஸ்பத்திரி வேலையை விட்டது சரிதானா? அங்கே அவசர அவசரமாக ஆளுக்கொரு மாத்திரை. இங்கே பொறுமையாக உட்கார்ந்து கேட்க நான் தயார், வரத்தான் ஆள் இல்லை. இவருக்குக் கோவில்பட்டிக்கு மாற்றல் வந்திராவிட்டால்... 'மனநல ஆலோசனை' என்று போர்டு வைத்ததே தப்பாம். கீழே மருந்துக்கடை அண்ணாச்சி சொல்கிறார்: "தூக்கமின்மைன்னு போடுங்க மேடம். பைத்தியக்கார டாக்டர்னு படியேற பயப்படுதாவ." அவருக்கு என்மேல் என்ன இவ்வளவு அக்கறை?

ஜூன் 15, திங்கள்

எட்டயபுரத்திலிருந்து ஒரு தம்பதி. கணவர் புண்ணாக்குக் கடை. கும்பிடு கொஞ்சம் அதிகம். மனைவி ச. (பெயர் வேண்டாம், பூட்டு இன்னும் வாங்கவில்லை). கைக்குழந்தை மாமியாரிடம். இவளிடம் தருவதில்லை.

ச.வை மட்டும் உள்ளே உட்காரவைத்தேன். அவர் வெளியே பெஞ்சில், பேப்பரோடு. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக: "அவிய எப்பவும் பாத்துக்கிட்டே இருக்காவ. நான் பேசுறது எல்லாம் அவியளுக்குக் கேக்கும்."

எங்கே இருக்கிறார்கள் என்றேன்.

"கதவுக்கு அந்தப் பக்கம்தான். இப்பவும் கேக்காவ."

யார் யாரோ ஒட்டுக்கேட்கிறார்களாம். பாவம். கணவரிடம் சொன்னேன்: இல்லாததெல்லாம் இருப்பதாக நினைக்கிறாள் போல, திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டவேண்டி வரும். அவர் வருத்தப்படவே இல்லை. "அதத்தான் மேடம் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். இனிமே பிள்ளைய அவகிட்ட விடுன்னு எவன் கேப்பான்?"

அந்த முக மலர்ச்சி பிடிக்கவில்லை. பேப்பர் புரட்டும் சத்தமும் கேட்கவே இல்லையே?

ஜூன் 17, புதன்

தலைவலி. மருந்துக்கடைக்கு இறங்கினேன். அங்கே ஒரு அம்மா: "அவியளுக்கு நேத்துல இருந்து காய்ச்சல். கஞ்சிகூட குடிக்க மாட்டேங்காவ."

எத்தனை பேருக்கு என்று கேட்டுவிட்டேன். தொற்றோ என்று பயம்.

அண்ணாச்சி சிரித்தார். "ஒரு ஆளுதான் மேடம். வீட்டுக்காரரச் சொல்லுதாவ."

மாத்திரை வாங்காமலே மேலே ஏறினேன். எங்கள் வீட்டில் அம்மா 'அவர்' என்பாள், நானும் அப்படித்தான். இங்கே கணவன் என்றால் 'அவிய'. ச. சொன்னது யார் யாரையோ இல்லை. ஒரே ஆளை. கதவுக்கு அந்தப் பக்கம், பேப்பரோடு.

ஊரையே சந்தேகப்பட்டேன், என் காதை மட்டும் சந்தேகப்படவில்லை. அவர் கேட்டு வந்த வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழந்தை.

அவர் கடைக்கு போன். திருநெல்வேலிக்குப் போகுமுன் இன்னொரு தரம் நான் பார்க்கணும் என்றேன். பொய்தான், இனி திருநெல்வேலி எதற்கு? வெள்ளி வருகிறார்களாம்.

ஜூன் 19, வெள்ளி

வந்தார்கள். அவரைக் கீழே போகச் சொன்னேன்.

"இங்கனயே இருக்கேன் மேடம். அவளுக்குச் சொகமில்லன்னு நீங்களே சொல்லிட்டியளே."

நான் சொன்னது தப்பு என்றேன். சத்தமாக. மருந்துக்கடை வரை கேட்டிருக்கும், கேட்கட்டும். முகம் கறுத்து இறங்கினார். எதிர் டீக்கடையில் அவர் உட்காரும்வரை படியிலேயே நின்றேன்.

ச. அசையவில்லை. "அவிய நிக்காவளா?"

"போயிட்டாவ" என்றேன். என் வாயில் அது கோணலாகத்தான் வந்தது.

எழுந்துபோய் ஜன்னலில் தானும் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். என்னை நம்பவில்லை. நம்ப வேண்டாம். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"கதவச் சாத்துங்க. மொதல்ல இருந்து சொல்லுதேன்."