மூலை பெஞ்சில் ஒருத்தி

பெருந்துறை,
13.3.2025, வியாழன்.

லோகப்பிரியாவுக்கு,

கிருபாசங்கர் எழுதுவது. இங்கு நான் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அது உன் இஷ்டம், குறை சொல்லவில்லை. நம் பிள்ளை ரித்திகாவின் பையில் நம் இருவருக்கும் நடுவே போய்வருகிற நோட்டில் எழுதினால் அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். அதனால்தான் உன் ஆபீஸுக்குக் கூரியர். வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதே, தாயே.

முதலில் சாதாரண விஷயம். போன ஞாயிறு அவளுக்கு லேசான சளி. இருமல் மருந்து பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது. மத்தியானம் பாவக்காய்ப் பொரியல் வைத்தேன், சாப்பிட்டாள். பாவக்காயை! போன வருஷம் இதே பொரியலுக்குத் தட்டைத் தூக்கி எறிந்தவள். பாலில் ஆடையைக் கண்டாலே ஓங்கரிப்பவள், இப்போது ஆடையோடு குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிறாள். "இன்னுங் கொஞ்சம் வேணுமா கண்ணு?" என்றால், விருந்துக்கு வந்தவள் மாதிரி "போதுமுங்க" என்கிறாள். என்னை வாடா போடா என்று மிரட்டிக்கொண்டிருந்த பிள்ளை! நோட்டில் நீயும் வாராவாரம் 'எதற்கும் அடம் இல்லை' என்றுதான் எழுதுகிறாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அப்புறம் ஒன்று. பீரோ ஓரத்தில் அவள் உயரத்துக்குக் கோடு போடுவேன், உனக்குத் தெரியும். ஆகஸ்டில் போட்ட கோட்டின் மேலேயேதான் இந்த மாதக் கோடும் விழுந்தது. வேறு ஸ்கேல் வைத்தும் பார்த்துவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளை ஏழு மாதத்தில் ஒரு நூல்கூட வளராமல் இருக்குமா? ஜூனில் வாங்கிய ஷூ இன்னும் தொளதொளவென்றுதான் கிடக்கிறது. அங்கே நீ கவனித்தாயா?

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். நேற்று புதன்கிழமை, மில் வேலையாகக் கோயம்புத்தூர் வந்துவிட்டுத் திரும்பும்போது அவிநாசியில் நம் பேக்கரியில் டீக்கு நிறுத்தினேன். கோர்ட் சொல்லிப் பிள்ளையை மாற்றிக்கொள்கிற இடத்தை 'நம் பேக்கரி' என்று எழுதுகிறேன் பார், என்ன பிழைப்போ! மணி மூன்று இருக்கும். கடைக்கார நரசிம்மலு டீயை வைத்துவிட்டு, "ஏனுங்க, இன்னைக்காச்சும் பாப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். எந்தப் பாப்பா என்றேன்.

"உங்க பாப்பாதானுங்க. சண்டை நடந்த நாள்ல இருந்து அந்த மூலை பெஞ்சுலதான உக்காந்திருக்குது. அப்ப காலு தரைக்கு எட்டாதுங்க. இப்ப நல்லா எட்டுது. ஒசந்துபோச்சுங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் யாரும் இல்லை. மேசையில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் வட்டமாக அடுக்கிக் கிடந்தன. வட்டத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தது.

உடனே ஸ்கூலுக்குப் போன் போட்டேன். ரித்திகா வகுப்பில்தான் இருக்கிறாள், சமர்த்தாகக் கணக்குப் போடுகிறாள் என்றார் பிரத்யுஷா மிஸ். போன் என் காதில் இருக்கும்போதே நரசிம்மலு மூலைக்குப் போய்க் குனிந்து, "பாப்பா, அப்பா வந்திருக்காங்க, போலாமுங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "ரெண்டு பேரும் வந்தாத்தான் வருமாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

போன ஜூலையில் அந்தக் கடைக்குள்தானே ரித்திகாவை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்? அவள் பச்சை வளையல் உடைந்தது. இனிமேல் காரை விட்டு இறங்க மாட்டோம் என்று கோர்ட் கவுன்சலர் முன்னால் எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து கடை வாசலுக்கு அந்தப் பக்கம் உன் கார், இந்தப் பக்கம் என் கார். நடுவில் இருபது அடியை அவள் தனியாகத்தான் நடக்கிறாள். முதலில் இழுத்தவன் நான். கோர்ட்டில் நீதான் இழுத்தாய் என்று சொன்னது பொய். என்னை மன்னித்துவிடு.

அவிநாசியில் முதலை விழுங்கின பிள்ளை, வருஷங்கள் கழித்து அதற்குண்டான வளர்த்தியோடு திரும்பி வந்ததே, அந்தக் கோயில் கதையை அவளுக்குச் சொன்னது நீதான். அப்படியானால் வாரம் தவறாமல் நமக்கு வந்துபோகிறவள் யார், லோகா? தூங்கும்போது அவள் நெற்றியைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது. பெற்ற அப்பன் எழுதுகிற பேச்சா இது?

நாளை மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு வழக்கம்போல வா. ஆனால் காரிலேயே உட்கார்ந்திருக்காதே, இறங்கு. நானும் இறங்குகிறேன். எழுதிக் கொடுத்ததை மீறினேன் என்று பெட்டிஷன் போடுவதானால் இந்தக் கடிதத்தையே காட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் உள்ளங்கையில் குத்தின வளையல் துண்டு எட்டு மாதமாக என் பர்ஸில் இருக்கிறது. இன்னொன்று உன்னிடம்தான் இருக்கும். எனக்குத் தெரியும், நீயும் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். அதைக் கொண்டு வா. இரண்டு பேரும் போய் அந்த பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவோம். அவள் கையைப் பிடிப்போம், இழுக்க வேண்டாம்.

உன்னோடு இருப்பவளை ஒன்றும் கேட்டுவிடாதே, திட்டியும்விடாதே. இத்தனை நாள் நமக்குத் துணைக்கு இருந்தது அவள்தானே. தலை சீவி, பூ வைத்து அவளையும் கூட்டிக்கொண்டு வா. மாசாணியம்மன் அவர்கள் இருவரையும் ஒருத்தியாக நம் கையில் தரட்டும்.

வந்துவிடு அம்மணி.

இப்படிக்கு,
ரித்திகாவின் அப்பா
கிருபாசங்கர்