அலாரம் அடித்தது, அப்பா எழுந்தார்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா துணி வெட்டிக்கொண்டே சொல்ல, தம்பி எழுதுவது. இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நீ வாங்கி அனுப்பிய புகை அலாரம் இரண்டும் நம் வீட்டு சீலிங்கில் ஏறிவிட்டன. ஏற்றியவர் அடியேன். ஏணியைப் பிடித்த பெருமை மட்டும் அப்பாவுக்கு. மற்றபடி மூவரும் சுகம், உன் சளி விட்டதா என்று அம்மா கேட்கிறாள். அலாரம் ஒன்று கூடத்தில், இன்னொன்று மாடிப்படி முடிகிற இடத்தில்; ஒன்று கத்தினால் மற்றதும் சேர்ந்து கத்தும். அடுப்படியில் மாட்டினால் ரொட்டி கருகும்போதெல்லாம் அம்மாவின் மானத்தைக் கப்பலேற்றிவிடும் என்று அங்கே மாட்டவில்லை. அம்மாவுக்குத்தான் கேள்வி தீரவில்லை. மூக்கே இல்லாத பெட்டிக்குப் புகை எப்படித் தெரியும் என்றாள். உள்ளே சின்ன வெளிச்சம் ஒன்று இருக்கிறது, புகை புகுந்தால் அது சிதறும், சிதறினால் பெட்டி கத்தும் என்றேன். அப்போ தூசி புகுந்தால் என்றாள். கூட வந்த தாளைப் பார்த்தால் தூசிக்கும் கத்துமாம், அவ்வப்போது துடைக்க வேண்டுமாம், மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டுமாம். பொத்தான் இலாகாவை அம்மா எடுத்துக்கொண்டாள். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒன்றாவது இருக்கிறதே என்கிறாள்.

உன் பக்கத்துக் கட்டடம் தீப்பிடித்ததிலிருந்து நீ திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். அச்சகத்து இயந்திரச் சத்தத்தில் காது மந்தமான அப்பா, தூக்கத்தில் இதைக் கேட்டு எழுவாரா? எழுந்தார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குறட்டை விடும்போது அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பொத்தானை அமுக்கினாள். போர்வையும் கையுமாக வாசலில் நின்று, எங்கே தீ என்று கேட்டாராம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், நான் மாட்டிய சங்குக்கு அந்தப் பழமொழியே தோற்றது. சமைக்கும்போது கத்துகிறது என்று உன் அறை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறாயாமே. குழந்தை அழுதால் வாயையா பொத்துவார்கள் என்கிறாள் அம்மா. ஜன்னலைத் திற, பேட்டரியை இன்றே மாட்டு, நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் ஒரு குறையுமில்லாமல் இரு கண்ணு.

ஆசிகளுடன்,
அம்மா
(கையெழுத்தும் கைவரிசையும்: தம்பி)

பி.கு.: வாசித்துக் காட்டினேன். அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "மீதியையும் எழுதுடா, அவளுக்குத் தெரியட்டும்" என்கிறாள். சரி. அப்பா தீயைப் பற்றிக் கேட்டதோடு நிற்கவில்லையாம். "பையன் எங்க?" என்றும் கேட்டாராம். பையன் மாடியில், கத்துகிற அலாரத்துக்கு நாலடி தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா படியேறி வந்து உலுக்கித்தான் எழுப்பினார். என் வயசுத் தூக்கம் அப்படி என்று சமாளித்தேன், அம்மா சிரிக்கவில்லை. என் கட்டிலுக்கு மேலே மாட்ட இன்னொன்று அனுப்பு அக்கா. அதுவரை எனக்கு அலாரம் அப்பாதான்.