மாற்றக் கூடாது என்கிற வரி

ஏங்க,

ஆஸ்பத்திரி வார்டில் ஆள் இல்லையாம், முன்னாலேயே கிளம்புகிறேன். சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாயங்காலம் உங்கள் தம்பி வந்தால் வயிறாரப் போடுங்கள். வீட்டை நம் பெண்ணுக்கு என்று நாம் சேர்ந்து எழுதும் உயில் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

"ஒருத்தர் போனப்புறம் இன்னொருத்தர் மாத்தக் கூடாதுன்னு எழுதணுமா? என்னை நம்பலையா?" என்று நேற்று கேட்டீர்கள். உங்களை நம்புகிறேன், உங்கள் இளகின மனசைத்தான் நம்பவில்லை. தம்பி கண்கலங்கினால் வீட்டையே தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள். நான் முந்திக்கொண்டால், நம் பெண்ணுக்காக உங்களோடு சண்டை போட இந்த வீட்டில் ஆள் இருக்காது. அந்த வரி என்னையும்தான் கட்டிப்போடுகிறது. நாளை வக்கீலிடம் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நானும் போட மாட்டேன்.

மாத்திரை ஜன்னலோரம் இருக்கிறது. கோபம் என்மேல்தானே, மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.