இப்திசாமைப் புறப்படச் சொன்னது நான்தான்

என் உயிரான வசந்தி அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதமாகிறது. நல்ல செய்தி ஒன்று வந்ததும் எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன். இனிக் காத்திருந்து பயனில்லை என்று தோன்றுகிறது.

ஹவாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சூடானிலிருந்து இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இங்கே எங்கள் ட்ருகனினாவுக்கு வந்து சேர்ந்தவளுக்கு, பஸ் ஏறவும் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பவும் ஹீட்டர் போடவும் பழக்கியது நீங்கள். ‘அக்கா’ என்பதே உங்கள் பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். எனக்கோ அப்போது எரிச்சல். “எங்கட சனத்துக்குச் செய்யவே ஆளில்லை, உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டேன். “நாங்கள் வந்து இறங்கேக்கை எங்களுக்கும் ஆரோ செய்தவைதானே” என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கதைத்ததும் அவளைப் பற்றித்தான். அவளுடைய மூத்த மகள் இப்திசாம், நடக்க முடியாத தகப்பனைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்டவள். தகப்பனும் இறந்து, தனித்துப் போனாள். “அந்தப் பிள்ளையின்ர விசா அலுவலை விட்டிடாதை, சுமதி” என்றீர்கள். ஓம் என்றேன்.

நான் விடவில்லை, அக்கா. செவ்வாய்க்கிழமைகளில் காலை வேலை முடித்து நேரே அங்கே போவேன். ஹவாவின் குசினி மேசையில் போனை வைத்து, அரபு மொழிபெயர்ப்பாளரின் குரலைக் கேட்டுக் கேட்டுப் படிவங்களை நிரப்பினோம். குளிர் தொடங்கும்போது பதில் வந்தது. இப்திசாம் எல்லை தாண்டி அயல்நாட்டுக்குப் போய், கைரேகையும் மருத்துவப் பரிசோதனையும் கொடுக்க வேண்டுமாம். அதற்குள் சண்டை அவளுடைய ஊருக்குக் கிட்ட வந்துவிட்டது.

ஹவா கடிதத்தை என் பக்கம் தள்ளிவைத்து ஒன்றே ஒன்று கேட்டாள். “போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா?”

அந்த நாட்டில் ஒரு தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. “போகச் சொல்லுங்கோ” என்று தமிழிலேயே வாயில் வந்தது. பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

லொறியில் ஏறிவிட்டேன் என்று இப்திசாம் செய்தி அனுப்பினாள். அதுதான் கடைசி. நான்கு மாதமாகிறது. அந்த லொறியில் போன ஒருவரும் போய்ச் சேரவில்லை என்று அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். காணாமல் போனவர்களைத் தேடும் நிறுவனத்துக்கு எழுதினோம். பெயரைப் பதிந்திருக்கிறோம் என்று பதில் வந்தது. வேறொன்றுமில்லை.

போகச் சொன்னது நீதான் என்று ஹவா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேனோ என்னவோ.

போன கிழமை அவள் கேட்டாள்: “அக்காவின் கணவரும் உங்கள் நாட்டுச் சண்டையில் காணாமல் போனவர் என்று அக்கா சொன்னார். அவர் எப்போது திரும்பி வந்தார்?”

அத்தான் வரவேயில்லை என்பதை நீங்கள் அவளுக்குச் சொல்லவில்லையா, அக்கா? வேண்டுமென்றே விட்டீர்களா?

“வரவில்லை” என்றேன். போனில் மொழிபெயர்ப்பாளர் என்னிடம், “அப்படியே சொல்லட்டுமா?” என்று கேட்டார். சொல்லச் சொன்னேன்.

ஹவா அழவில்லை. பிள்ளைகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று எழுந்து சப்பாத்தைப் போட்டாள். பள்ளிக்கூட வாசல்வரை நானும் கூட நடந்தேன். அங்கே நின்ற மற்றத் தாய்மாருக்கு அவள் வழமைபோலத் தலையசைத்தாள். நீங்களும் அப்படித்தானே இத்தனை வருடம் எங்களுக்கு நடுவே நடமாடினீர்கள்? நாங்கள் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

இப்திசாம் வருவாள் என்று இனி நான் ஹவாவிடம் சொல்லமாட்டேன், அக்கா. உங்களிடமும் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த படிவத்துக்கும், அதற்கடுத்ததுக்கும், அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு நான் இருப்பேன். அதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் சொல்லைத் தட்டாத தங்கை,
சுமதி