நீ கேட்ட சொடக்கு

இன்று காலடிப்பேட்டையில் ஒரு தள்ளுவண்டியில் கொடுக்காப்புளி குவித்திருந்தார்கள். உன் நினைவு வந்தது. என் மேசையில் இருந்த கழுத்தெலும்பு மாதிரியை முதன்முதலாகப் பார்த்து நீ கேட்டாயே: "இன்னா மாமு, கொடுக்காப்புளிய நிக்க வெச்சிகினு கீற?"

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனாய். நான் கைரோபிராக்டிக் படித்து, முதுகும் கழுத்தும் பிடித்துக்கொண்டவர்களைக் கையால் சரிசெய்ய திருவொற்றியூரில் ஓர் அறை எடுத்தேன். உயரத்தில் உட்கார்ந்து, கண்ணாடித் தரை வழியாகக் கீழே கண்டெய்னரைப் பார்த்துக் குனிந்தே இருக்கும் வேலை உனக்கு. வலி தாங்காமல் ஒரு மாலை வந்து படுத்துக்கொண்டாய்.

"ஒரே ஒரு சொடக்கு எடுத்து வுடு. காலைல ட்யூட்டி கீது."

என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், பிடி நழுவியது. நேராக நடக்கச் சொன்னேன், சுவரைத் தொட்டாய். சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள் என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தின் ஏழு எலும்புகளுக்குள்ளே தண்டுவடம் இறங்குகிறது. அது நசுங்கினால் இப்படித்தான் ஆகும். அந்தக் கழுத்தைத் திருகினால் கைகால் விழுந்துபோகலாம்.

"இதுல நான் கை வெக்க மாட்டேன்டா. ஸ்கேன் எடு."

"ஊருக்கெல்லாம் எடுக்குற. தோஸ்துக்கு மட்டும் மாட்டியா?"

கதவை அறைந்துவிட்டுப் போனாய். மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். நீ முகம் கொடுக்கவில்லை. உன் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டுகளில் இரண்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தன. அறுவை செய்து, மூன்று எலும்புகளைச் சேர்த்துப் பூட்டினார்கள்.

கைக்குப் பலம் வந்தது. ஆனால் கிரேனில் ஏற உன்னை மறுபடி விடவில்லை. கீழே கண்டெய்னர் அடுக்கும் யார்டில் வேலை கொடுத்தார்கள். பல மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றாய். "அன்னிக்கி நீ எடுத்து வுட்டுருந்தா நான் படுத்துகினுதான் இருந்திருப்பேனாம். டாக்டர் சொன்னாரு" என்றாய். நான் உனக்கும் ஒரு டீ சொன்னேன்.

அதன்பின் உன் கழுத்து முன்போல் திரும்பவில்லை. யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்து திரும்புவாய். "இப்பத்தாண்ணே நான் பேசுனா மூஞ்சப் பாத்து கேக்குறாரு" என்று உன் மனைவி என்னிடம் சொன்னாள். போன வருடம் மாரடைப்பில் நீ போய்விட்டாய்.

என் கழுத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் யாராவது தன் வலியைச் சொல்ல ஆரம்பித்தால், கையில் இருப்பதை வைத்துவிட்டு, நாற்காலியோடு அவர் பக்கம் முழுதாகத் திரும்பிவிடுகிறேன்.